பூங்கோதை ஊரில் இருக்கிறாளா?

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னாய்: "ஓசூர்ல வீடு முடிஞ்சிருச்சுப்பா. இனிமே அங்க எதுக்கு என் பேரு? நீங்கதான் அந்த வேலையெல்லாம் பாக்குறீங்களே, ஓட்டர் லிஸ்ட்லேருந்து என் பேரை எடுத்துடுங்க." நான் "ம்" என்றேன். அதை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனை வைத்துவிட்டாய். உன் அம்மா முப்பது வருடம் என்னிடம் "சரிங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதையும் நான் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். நம் வீட்டு ஆண்களுக்கு இந்த இடத்தில் மட்டும் காது மந்தம். அதனால்தான் எழுதுகிறேன். உன் பெயரை நான் எடுக்கப்போவதில்லை. காரணம் பாசம் இல்லை. பாசத்தால் ஒரு பெயரை விட்டுவைத்தேன், பாசம் இல்லாமல் ஒரு பெயரை எடுத்தேன். இரண்டும் ஒரே நாளில் என் முன்னால் வந்து நின்றன. அதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். கொஞ்சம் நீளம். கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து படி. ஓசூர் போக்குவரத்து அதற்கு நன்றாக ஒத்துழைக்கும் என்று கேள்வி.

நூலகத்திலிருந்து நான் ஓய்வு பெற்றபோது எனக்குத் தெரிந்த ஒரே வேலை பட்டியலைச் சரிபார்ப்பது. புத்தகம் எடுத்தவர்கள், எடுத்துத் திருப்பாதவர்கள், திருப்பாமலே செத்துப்போனவர்கள் என்று நம் ஊர் நூலகத்தில் ஆயுள் முழுக்கப் பட்டியல்களோடுதான் குடித்தனம் நடத்தினேன். அந்தச் சமயத்தில்தான் ரஹ்மத் பாய் குவைத்திலிருந்து வந்து நம் பஸ் ஸ்டாப்பில் ஜெராக்ஸ் கடை வைத்தார். சொந்த ஊர் லப்பைக்குடிக்காடு. பதினெட்டு வருடம் வெளிநாட்டில் இருந்து ஒரு தேர்தலில்கூட ஓட்டுப் போடாதவர். "ஊருக்கு வந்தா பேரு இருக்காது சார். பேரு இருக்குற வருஷம் நான் இருக்க மாட்டேன்" என்பார். ஓட்டுப் போடாதவருக்கு அதன் மேல் இருக்கிற மரியாதை, போட்டுப் பார்த்த நமக்கு இருப்பதில்லை. நாங்கள் இரண்டு பேரும் கடை வாசலில் ஒரு மேசையைப் போட்டோம். புதிதாகப் பெயர் சேர்க்க ஆறாம் எண் படிவம், நீக்க ஏழு, திருத்தவும் இடம் மாற்றவும் எட்டு. மூன்று எண்கள்தான். கற்றுக்கொள்ள ஒரு மணி நேரம் போதும். நம்மை நம்பவைக்கத்தான் மூன்று வருடம் ஆனது.

"நீங்க எந்தக் கட்சி சார்?" என்று கேட்பார்கள். எந்தக் கட்சியும் இல்லை என்போம். "அப்புறம் எதுக்கு இதெல்லாம்?" சும்மா, ஒரு உதவிதான் என்போம். குரும்பலூர் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு பெரியவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "கட்சிக்காரன் வந்தா என்ன கேப்பான்னு தெரியும். ஒண்ணும் கேக்காம ஒருத்தன் வந்தாத்தான் பயமா இருக்கு" என்று சொல்லி இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். நியாயமான பயம்தான். பிறந்த தேதி கேட்டால் நம் ஊரில் பாதிப்பேர் மே, ஜூன் மாதங்களில் பிறந்திருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கை நடக்கிற மாதங்கள் அவை. ஹெட்மாஸ்டர் எழுதிய அன்றைக்குத்தான் பிள்ளை பிறந்தது. போட்டோ கேட்டால் கல்யாண போட்டோவிலிருந்து பெண்டாட்டியை வெட்டிவிட்டுக் கொண்டுவருவார்கள். தோளில் அவள் கை மட்டும் மிச்சம் இருக்கும். அதை ஜெராக்ஸில் மறைக்க முடியுமா என்று பாயிடம் கேட்பார்கள். "கைய மறைச்சிடலாம் தம்பி, ஆனா வூட்டுக்குப் போயி என்ன பண்ணுவ?" என்பார் பாய்.

சேர்ப்பதில் எனக்கு இருந்த ஆர்வத்தைவிட நீக்குவதில் அதிகம் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அது நூலகப் புத்தி. திரும்பி வராத உறுப்பினர்களின் அட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கிழிக்கும்போது வருகிற திருப்தி, சேர்க்கும்போது வராது. பி.எல்.ஓ. என்று ஒருவர் ஒவ்வொரு பூத்துக்கும் இருப்பார், வாக்காளர் பட்டியலைக் கவனிப்பது அவர் பொறுப்பு. அப்போது நம் பூத்துக்கு இருந்தவர் வெளியூர் வாத்தியார். ஊரில் யாரையும் அவருக்குத் தெரியாது; எனக்கு எல்லாரையும் தெரியும். தெருத் தெருவாக அவரோடு நான் போவேன். கதவைத் தட்டினால் ஆம்பிளை ஒருவர் வெளியே வருவார். அவரிடம் பட்டியலை வாசிப்போம். இருக்காங்களா, இருக்காங்க. இருக்காங்களா, செத்துட்டாங்க. இருக்காங்களா, கட்டிக்குடுத்தாச்சு. வீட்டுக்குள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிற முகம் பட்டியலில் எத்தனையாவது என்று நாங்கள் கேட்டதே இல்லை. அது எங்கள் வேலை முறை. சட்டத்தில் அப்படி இல்லை. ஆனால் நம் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை கொடுப்பது முதல் கரண்ட் பில் கேட்பது வரை எல்லாமே அப்படித்தான். அதனால் அது தவறு என்று தோன்றவே இல்லை.

அப்படித்தான் ஒருநாள் மேலத்தெருவில் ராமசாமி வீட்டு வாசலில் நின்றோம். ஒருகாலத்தில் வார்டு மெம்பராக இருந்தவர், உனக்கு ஞாபகம் இருக்கும். பட்டியலில் அவர் மருமகள் பூங்கோதையின் பெயர் வந்தது.

"அவ இங்க இல்லீங்க" என்றார்.

"எங்க இருக்காங்க?" என்று வாத்தியார் கேட்டார்.

"போயிட்டா." ராமசாமி அதற்கு மேல் சொல்லவில்லை. மகன் திருப்பூரில் வேறொருத்தியோடு இருப்பதும், மருமகளோடு சண்டை நடந்ததும் ஊருக்கே தெரியும். நான்தான் இடத்தை நிரப்பினேன். "பொறந்த ஊரு மீன்சுருட்டிப் பக்கம் சார். அங்க போயிட்டாங்க" என்றேன். ஏழாம் எண் படிவத்தில் யாராவது ஒரு வாக்காளர் கையெழுத்துப் போட வேண்டும். ராமசாமி, "எனக்கு எதுக்குங்க அந்த வம்பு, நீங்களே போட்டுடுங்க" என்றார். போட்டேன். டீக்கு நேரமாகிவிட்டது என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் எதுவும் இருந்ததாக ஞாபகம் இல்லை.

பூங்கோதை மீன்சுருட்டிக்குப் போனது உண்மை. ஒரே மாதத்தில் திரும்பி வந்துவிட்டதும் உண்மை. பெண்பிள்ளை இங்கே பள்ளிக்கூடத்தில் படிக்கிறது, நடுவில் பிடுங்க மனசில்லை. பால் சொசைட்டிக்குப் பின்னால் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தாள். மாமனார் வீட்டிலிருந்து மூன்று தெரு. நான் கையெழுத்துப் போட்ட அந்த வாரமே அவளைச் சொசைட்டி வாசலில் பார்த்திருந்தேன். விருந்தாளியாக வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். ஊரில் இருக்கிறாளா என்று கேட்டு அவளுக்கு ஒரு நோட்டீசும் போனது. அவள் இல்லை என்று நாங்கள் எழுதிய அதே விலாசத்துக்கு. அதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டவர் ராமசாமி. குறிப்பிட்ட நாளுக்குள் பதில் வரவில்லை என்பதால் அவள் ஊரில் இல்லை என்பது உறுதியானது. சர்க்கார் முறைப்படி எதிலும் குறை சொல்ல முடியாது.

இனி உன் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். கல்யாணமான வருடம் வந்த தேர்தலில் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகும் வழி முழுக்க அவளுக்கு யாருக்கு, ஏன் போட வேண்டும் என்று விளக்கினேன். "சரிங்க" என்றாள். அதன் பிறகு ஒவ்வொரு தேர்தலுக்கும் அதே வழி, அதே விளக்கம், அதே சரிங்க. என் கட்சி மூன்று தடவை மாறியது. அவளுடைய சரிங்க மாறவில்லை. கடைசியாக அவள் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, பேச்சு எதற்கோ தேர்தல் பக்கம் போனது. "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது" என்றாள். "நீங்க சொன்னதுக்கு நான் ஒரு வாட்டிகூடப் போட்டதில்ல."

"பின்ன யாருக்குப் போட்ட?"

"அது ரகசியம்னு ஊரு பூரா நீங்கதானே சொல்லிக்கிட்டுத் திரியுறீங்க."

பக்கத்துக் கட்டில்காரி சிரித்துவிட்டாள். நான் வெளியே போய் இரண்டு டீ குடித்தேன். கோபம் இல்லை. ஒரே வீட்டில் முப்பது வருடம் ஒரு எதிர்க்கட்சி இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லையே என்ற ஆச்சரியம். அந்த மனுஷி தனக்கென்று ஒரு கையகல இடத்தை வைத்திருந்தாள். அதற்குள் அவள் என்னை விடவே இல்லை. ஓட்டு என்றால் என்ன என்று எனக்கு யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

அவள் போன பிறகு, ஊரில் எல்லார் வீட்டுச் சாவுக்கும் பதினாறாம் நாள் முடிந்ததும் ஏழாம் எண் படிவத்தோடு போய் நிற்கிற நான், நம் வீட்டுக்கு மட்டும் அதைக் கொண்டுவரவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். நீ ஒரு தடவை கேட்டாய், "குடுத்துட்டேன்" என்று சொன்னேன். பொய். பட்டியலில் நம் கதவு எண்ணுக்கு நேரே மூன்று பெயர் வரிசையாக இருக்கும், நான், அவள், நீ. அந்தப் பக்கத்தைப் புரட்டும்போது நடுவில் அவள் போட்டோ இருக்கும். அது இருந்துவிட்டுப் போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். ஊருக்கெல்லாம் பட்டியல் சுத்தமாக இருக்க வேண்டும் என்று பேசியவன் தன் வீட்டுக்கு மட்டும் விலக்கு வைத்துக்கொண்டேன். இதையே அரசியல்வாதி செய்தால் நான் ஆசிரியருக்குக் கடிதம் எழுதியிருப்பேன்.

பாராளுமன்றத் தேர்தல் வந்தது. பள்ளிக்கூடத்துக்குச் சற்றுத் தள்ளி வேப்பமரத்தடியில் நானும் பாயும் பட்டியலோடு உட்கார்ந்திருந்தோம். நடக்க முடியாதவர்களைப் பாயின் வண்டியில் கூட்டிவருவது, வரிசை எண் தேடிக்கொடுப்பது, இதுதான் வேலை. ஒரு தாத்தா, கட்சிக்காரர் யாரும் வந்து கூப்பிடவில்லை என்று கோபித்துக்கொண்டு வர மறுத்தார். பாய் போய்க் கூப்பிட்டார். "நீயெல்லாம் ஒரு ஆளா" என்று சொல்லிக்கொண்டே வந்து வண்டியில் ஏறினார். அவ்வளவு கலகலப்பாகத்தான் இருந்தது. அப்போது பூங்கோதை வந்தாள். கையில் வாக்காளர் அட்டை.

"பேரு இல்லைங்கிறாங்க சார். அட்டையில நான் இருக்கேன், லிஸ்ட்ல இல்லியாம்."

பட்டியலைப் புரட்டினேன். அவள் பெயரின் குறுக்கே 'நீக்கப்பட்டது' என்று இருந்தது. பார்த்த நொடியில் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. ராமசாமியின் வாசல், டீக்கு ஆன நேரம், என் கையெழுத்து.

"யாரு சார் நீக்குனா?"

"கம்ப்யூட்டர்ல ஏதோ தப்பு நடந்திருக்கும்மா" என்றேன்.

"கம்ப்யூட்டருக்கும் எங்க மாமனாருக்கும் எப்படி சார் பழக்கம்?" என்றாள். பாய் தலையைக் குனிந்துகொண்டார். "ஓட்டு கெடக்குது சார். அஞ்சு வருஷத்துக்கு ஒருதரம் வர்ற சமாச்சாரம். நான் இந்த ஊர்லயே இல்லைன்னு எழுதிப்புட்டாங்கல்ல, அதான். நான் தெனம் இங்க தண்ணி புடிக்கிறேன், வேலைக்குப் போறேன், புள்ளைய பள்ளிக்கூடம் அனுப்புறேன். நான் இல்லைன்னா இதெல்லாம் யாரு செய்யறா?" வெயிலில் அட்டையைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நடந்து போனாள். அட்டை மிகச் சிறியது. நிழல் தராது.

ஓட்டுப்பதிவு முடிந்ததும் பூத் ஏஜெண்டாக உட்கார்ந்திருந்த பையன், உனக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவன், என்னைத் தேடி வந்தான். அவன் கையில் டிக் போட்ட பட்டியல். "பெரியப்பா, சொல்லலாமா வேண்டாமான்னு இருந்துச்சு" என்று இழுத்தான். "பெரியம்மா பேருல ஓட்டு விழுந்திருக்கு. காலையிலயே. நான் சாப்புட எழுந்திரிச்சுப் போன நேரம்."

தம்பி, அன்றைக்கு நம் பூத்தில் செத்துப்போன உன் அம்மா வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். உயிரோடு இருந்த பூங்கோதை திரும்பிப் போயிருக்கிறாள். இரண்டையும் செய்தது ஒரே ஆள். யார் அந்த ஓட்டைப் போட்டார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் முதல் கேள்வி என்னிடம்தான் வரும். கணக்குப்படி அது ஒரு ஓட்டுதான். வென்றவருக்கோ தோற்றவருக்கோ அதனால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் முப்பது வருடம் புருஷனுக்கே விட்டுக்கொடுக்காமல் அவள் காப்பாற்றிய ஒரே இடத்தில், நான் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனதால், யாரோ நுழைந்து பொத்தானை அழுத்திவிட்டுப் போயிருந்தார்கள். பாசம் என்று நினைத்து நான் செய்தது அதைத்தான்.

அதன் பிறகும் நான் உடனே திருந்திவிடவில்லை. மூன்று மாதம் பூங்கோதை எதிரே வந்தால் வேறு சந்தில் திரும்பினேன். நம் ஊரில் அவ்வளவு சந்துகள் கிடையாது, சில சமயம் சம்பந்தமில்லாமல் யார் கொல்லைக்குள்ளாவது போய் நின்றேன். கடைசியில் பாய்தான் சொன்னார்: "சார், குவைத்துல எனக்கு ஒரு கபீல் இருந்தான், விசா குடுத்த மொதலாளி. என் பாஸ்போர்ட்டத் தொலைச்சுட்டு அஞ்சு மாசம் எங்கிட்ட சிரிச்சுப் பேசுனான். தொலைச்சதுகூட மறந்துபோச்சு. அந்தச் சிரிப்ப இன்னும் மன்னிக்கல." மறுநாள் காலையில் பூங்கோதை வேலை செய்கிற வெங்காயப் பட்டறைக்குப் போனேன். பத்துப் பதினைந்து பெண்கள் உட்கார்ந்து சின்ன வெங்காயத்தின் தாளை அறுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லார் கண்ணிலும் தண்ணீர். ஒரு ஆண் காரணம் சொல்லாமல் கண்ணைத் துடைத்துக்கொள்ள நம் மாவட்டத்தில் உகந்த இடம் அதுதான்.

"பூங்கோதை, ஒன் பேரை எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது நான்தாம்மா" என்றேன்.

கத்தி நின்றது. "நீங்களா சார்?" என்றாள். "நான் எங்க மாமனாருன்னுல்ல நெனச்சேன். மூணு மாசமா மாரியாத்தா கோயில்ல மண்ண வாரித் தூத்திக்கிட்டு இருக்கேன். அத்தனையும் ஒங்க மேலயா வுழுந்துச்சு?" பக்கத்திலிருந்தவள், "அதான் சாருக்கு முட்டி வலி" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பூங்கோதை சிரிக்கவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல சார்? சொசைட்டிகிட்ட பாத்தீங்க. நல்லாருக்கியாம்மான்னு வேற கேட்டீங்க. அதோட இதையும் கேட்டிருக்கலாம்." மன்னிப்பு என்று அவள் எதுவும் சொல்லவில்லை. "என்ன எழுதணுமோ எழுதுங்க. ஆனா இந்தத் தரம் நான் சொல்றதத்தான் எழுதணும்" என்றாள்.

எழுத உட்கார்ந்தால் விலாசத்துக்குச் சான்று இல்லை. ரேஷன் கார்டு மாமனார் வீட்டில். பாங்க் பாஸ்புக்கில் அந்த வீட்டு விலாசம். அதை மாற்ற வேண்டுமானால் வேறு விலாசச் சான்று வேண்டும். வாடகை அறையின் சொந்தக்காரர் ராமசாமிக்குப் பங்காளி, ஒரு வரி எழுதித் தர மாட்டார். ஆனால் மாதம் பிறந்தால் அவள் அங்கே இருப்பது அவருக்குச் சந்தேகமறத் தெரியும். சான்று ஒன்றும் இல்லையென்றால் பி.எல்.ஓ. நேரில் வந்து விசாரித்துச் சேர்க்கலாம் என்று விதி இருக்கிறது. இதற்குள் அந்த வாத்தியார் மாற்றலாகிப் போய், அங்கன்வாடி வளர்மதி பி.எல்.ஓ. ஆகியிருந்தாள். சத்துமாவு, தடுப்பூசி, எடை போடுவது எல்லாம் முடித்துவிட்டு மதியத்துக்கு மேல் வந்தாள். தெருவில் விசாரணை தொடங்கியது. பூங்கோதை இடுப்பில் குடத்தோடு அங்கேயே நின்றாள்.

எதிர்வீட்டுக்காரரிடம் வளர்மதி கேட்டாள்: "இவங்க இங்க குடியிருக்காங்களா?"

அவர் பூங்கோதையை ஏற இறங்கப் பார்த்தார். "இருக்காப்ல இருக்கு. உறுதியாச் சொல்ல முடியாதுங்க."

அடுத்த வீட்டு அம்மா, "நான் வெளியில வர்றதே இல்லீங்களே" என்றாள்.

"நேத்து எங்கிட்ட புளி வாங்கிட்டுப் போனீங்களே அக்கா" என்றாள் பூங்கோதை.

"அது நேத்து" என்றாள் அந்த அம்மா.

ராமசாமி இன்னும் இரண்டு தெருவுக்கு மெம்பராகத்தான் இருக்கிறார், பதவி மட்டும்தான் போய்விட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. "மேடம், நான் சொல்றேன், இவங்க மூணு வருஷமா..." என்று ஆரம்பித்தேன். வளர்மதி என் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க சும்மா இருங்க. ஒருதரம் நீங்க சொன்னது போதும்." எனக்கு வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பிறகு அவள் பூங்கோதையைப் பார்த்து, "ஏம்மா, நீ இங்கதான் இருக்கியா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க மேடம்."

"எவ்வளவு நாளா?"

"மூணு ஆடி ஆச்சுங்க."

வளர்மதி அறைக்குள் எட்டிப் பார்த்தாள். கொடியில் பள்ளிச் சீருடை, அடுப்பு, ஒரு பாய். ஒரு வரி எழுதினாள். முடிந்தது. நாலு வீட்டுக் கதவைத் தட்டிக் கிடைக்காத தகவல், அந்த ஆளிடமே கேட்டதும் கிடைத்துவிட்டது. இத்தனை வருடம் இந்த ஊரில் பட்டியலோடு திரிந்த எனக்கு இந்த வழி தோன்றியதே இல்லை.

கிளம்பும்போது வளர்மதி குரலைத் தாழ்த்தி, "சார், அப்படியே நம்ம அக்கா பேரையும் குடுத்துடுங்க" என்றாள். அன்று சாயங்காலம் பாய் கடையில் உட்கார்ந்து உன் அம்மாவின் பெயரை எழுதினேன். காரணத்துக்கு நேரே இருந்த கட்டத்தில், இறப்பு என்பதில் டிக் போட்டேன். இறப்புச் சான்றிதழை நகல் எடுக்கப் பாயிடம் கொடுத்தபோது, அவர் அதைக் கண்ணாடியில் வைப்பதற்கு முன்னால் வாய்க்குள் "இன்னா லில்லாஹி" என்று சொன்னார். சாவுச் செய்தி கேட்டவுடன் அவர்கள் சொல்வது. எனக்கும் அப்போதுதான் செய்தி வந்த மாதிரி இருந்தது.

அடுத்த வாரம் ராமசாமி என்னை டீக்கடையில் பிடித்தார். "என்ன சார், எங்க வூட்டு விஷயத்துல ரெண்டு பக்கமும் நீங்களே கையெழுத்துப் போடுறீங்க?"

"மொதல்ல போட்டது தப்புங்க" என்றேன்.

"அப்ப ரெண்டாவது?"

"அதுல நான் போடலீங்க. அந்தப் பொண்ணே போட்டுச்சு."

அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். நம் ஊரில் அது பெரிய கண்டனம்.

இந்தச் சட்டசபைத் தேர்தல் அன்று நான் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு இரண்டு ஆள் முன்னால் ராமசாமி. பெண்கள் வரிசையில் பூங்கோதை. உள்ளே முதல் அதிகாரி, ஏஜெண்டுகளுக்குக் கேட்கும்படி பெயரை உரக்க வாசிப்பார், அதுதான் முறை. ஆட்சேபணை இருந்தால் அப்போதே சொல்ல வேண்டும். "பூங்கோதை, தகப்பனார் பெயர் கலியபெருமாள்" என்று வாசித்தார். கணவர் பெயர் வேண்டாம், தகப்பன் பெயர் போதும் என்று அவள் சொன்னதைத்தான் எழுதியிருந்தேன். ராமசாமி சுவரில் இருந்த பெருக்கல் வாய்ப்பாட்டைப் படித்துக்கொண்டிருந்தார். யாரும் ஆட்சேபிக்கவில்லை. மை வைத்தார்கள்.

வெளியே வந்தவள் வேப்பமரத்தடியில் எனக்காக நின்றாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன், வயதான புத்தி. "சார், ஒங்க வூட்டு அக்காவுக்கு இந்தத் தரம் ஓட்டு இல்லியா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. எடுத்தாச்சு."

"நல்லது. அவங்களாச்சும் நிம்மதியா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வெங்காயம் அறுக்கப் போய்விட்டாள்.

எனக்கு அலுப்பாகத்தான் இருக்கிறது, தம்பி. ஒரு பெயரை எடுக்க ஒரு கையெழுத்து. அதைத் திரும்ப வைக்க ஏறக்குறைய இரண்டு வருடம். இதே கணக்கில் போனால் நான் செய்த மற்ற தவறுகளைச் சரிசெய்ய எனக்கு இன்னொரு ஆயுள் வேண்டும். நான் எடுத்த மற்றப் பெயர்களையும் இப்போது ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலானவர்கள் நியாயமாகச் செத்துத்தான் இருக்கிறார்கள். ஓசூருக்கு வந்து என்னோடு இருங்கள் என்று நீ கூப்பிடுவதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. இந்தப் பட்டியல் முடியட்டும்.

உன் விஷயத்திலும் எனக்கு ஒரு பழைய பாக்கி இருக்கிறது. உனக்குப் பதினெட்டு ஆனபோது நீ திருச்சி ஹாஸ்டலில் இருந்தாய். ஆறாம் எண் படிவத்தை நானே நிரப்பி, உன் கையெழுத்தையும் நானே போட்டுக் கொடுத்தேன். அது உன் கையெழுத்தைவிட நன்றாக இருந்தது என்று அப்போது ஒரு பெருமை வேறு. எந்தப் படிப்பு என்பதையும் ஏறக்குறைய அப்படித்தான் நிரப்பினேன். நீயும் "சரிப்பா" என்றாய். அந்தச் சரிப்பாவுக்குள் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. இப்போது கேட்கவும் கொஞ்சம் பயமாக இருக்கிறது. உன் வீட்டில் உன் பெண்டாட்டியின் பெயரைப் பற்றி யாராவது வந்து கேட்டால், தெரிந்திருந்தாலும் நீ பதில் சொல்லாதே. உள்ளே போய்க் கூப்பிடு. அடுப்பில் பால் இருந்தாலும் பரவாயில்லை, வரட்டும்.

எட்டாம் எண் படிவம் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். அங்கே மாற்றிக்கொள்வதானால் அதை நிரப்பி அங்கேயே கொடு. மாற்ற மனமில்லை, இங்கேயே இருக்கட்டும் என்றால், எந்த ஊரில் நீ நிஜமாகக் குடியிருக்கிறாய் என்பதை யோசித்துவிட்டு அதையும் நீயே சொல். படிவத்தில் நான் எதையும் எழுதவில்லை. பென்சிலால்கூட. போன வாரம் வளர்மதி பட்டியலோடு வந்து, "தம்பி இங்கதான் இருக்காரா சார்?" என்று கேட்டாள். வாய் வரை பதில் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு உன் நம்பரைக் கொடுத்தேன். அவள் கூப்பிடுவாள். தெரியாத நம்பர் என்று விட்டுவிடாதே, எடு. நீ எடுக்காவிட்டால் நம் ஊர் வழக்கப்படி வாசலில் நிற்கிற ஆளைத்தான் கேட்பார்கள். இந்த வாசலில் இப்போது நிற்பது நான் ஒருவன்தான்.

அப்பா